கூறும் பந்தியும்: திண்டுக்கல் வீடுகளின் பண்டிகைச் சாப்பாட்டு வழக்கங்கள்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் வீட்டிலாவது போய், "வருஷத்துக்கு ஒருதரம் வர்ற உங்க பெரிய சாப்பாடு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன ஆக்குவார்கள் என்பதற்கு முன்னால் எதைச் செய்யக் கூடாது என்பதுதான் பேச்சில் வரும். சாமிக்குப் படைக்கிறவரை குழம்பில் உப்புப் பார்க்கக் கூடாது. கோயிலில் ஆக்கிய கறி எல்லை தாண்டக் கூடாது. எங்கள் வகையறாவில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பக்கத்துத் தெருவில் அதே தொழில், அதே சாமி; விலக்கு மட்டும் வேறு. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "எங்க பெரியவங்க அப்படித்தான் செஞ்சாங்க."

இந்த வழக்கங்களை எப்படி விளங்கிக்கொள்வது என்பதற்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பக்தியுள்ளவர்கள் இது தெய்வக் கட்டளை என்கிறார்கள். பொருளியல் பார்வை கொண்டவர்கள், அரிசியும் கறியும் அரிதாக இருந்த காலத்தின் சிக்கனம் சடங்காகிவிட்டது என்கிறார்கள். மானிடவியலாளர்கள் உறவுமுறையைச் சுட்டுகிறார்கள்: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கான எல்லைக்கோடு இது என்பது அவர்கள் கட்சி. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் சமவெளியின் வழக்கங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, மிக விநோதமாகத் தெரியும் விதிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ருசி அவற்றுக்குப் பொருட்டில்லை. யாருக்குப் பங்கு, எவ்வளவு, யார் முதலில், மீந்தது யாருக்கு என்பதுதான் பொருட்டு. அந்தக் கோணத்தில்தான் இந்தக் கட்டுரை நகர்கிறது.

தீபாவளியிலிருந்து தொடங்கலாம். கறி சாப்பிடும் வீடுகளில் அன்று விடியற்காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் கட்டாயம். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து, மஞ்சள் தடவிய புதுத்துணி உடுத்தி, வெளிச்சம் வருவதற்குள் இலையில் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்காகக் கறிக்கடைகள் நள்ளிரவு தாண்டியதுமே திறந்துவிடும். வேறு நாளில் காலை ஒன்பது மணிக்குக்கூடக் கறி சாப்பிட யோசிக்கிற வீட்டில், அன்று ஐந்து மணிக்கு இலையில் எலும்பு கிடக்கும். வெளியூரிலிருந்து மருமகளாக வருகிறவர்களுக்கு இது முதல் வருஷம் திகைப்பாகத்தான் இருக்கும்.

இட்லி ஏன் பண்டிகைச் சாப்பாடானது என்பதற்கு இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவே செம்மண் மானாவாரி. குடகனாற்றுப் பாசனமும் கண்மாய்ப் பாசனமும் எட்டிய இடங்களில் நெல். மற்ற இடமெல்லாம் சோளம், கம்பு, கேழ்வரகு, சாமை, நிலக்கடலை. வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை. எழுபது வயது தாண்டியவர்களிடம் பேசினால், சின்ன வயதில் இட்லி தோசையைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பார்த்தோம் என்பார்கள். முதல் நாள் சாயங்காலம் ஆட்டுரலில் மாவாட்டும் சத்தமே பண்டிகை வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும். அந்த இட்லிக்குத் தோதாக ஊற்றத் தக்கது அன்றைய இன்னொரு அரிய பொருளான ஆட்டுக்கறி. இரண்டு அபூர்வங்கள் ஒரே இலையில் சேர்ந்ததுதான் இந்தச் சேர்மானம்.

ஒரு குடும்பம் தனியாக ஓர் ஆட்டை வாங்கி வெட்டுவது அன்று நடக்கிற காரியமில்லை. அதனால் வந்தது கூறுக்கறி. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து பணம் போட்டு, அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையிலோ உள்ளூரில் ஆடு வளர்ப்பவரிடமோ ஒரு கிடாயைப் பிடிப்பார்கள். வெட்டி, உரித்து, பனையோலையிலோ வாழை இலையிலோ கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையும் நெஞ்செலும்பும் ஈரலும் கொழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். ஒரு கூறில் ஈரல் குறைந்தால் அந்தச் சண்டை அடுத்த தீபாவளிவரை நீளும். ஆகவே கூறு போடுகிறவர் ஊரில் எல்லாருடைய நம்பிக்கையையும் பெற்றவராக இருக்க வேண்டும். சாதாரண நாளில் அவருக்கு எந்தப் பதவியும் இருக்காது. இன்றும் கறிச்சீட்டுப் போட்டு மாதாமாதம் கட்டி, தீபாவளிக்குக் கறியாக வாங்கிக்கொள்ளும் தெருக்கள் உண்டு. எடை போட்டுக் கிலோக் கணக்கில் வாங்குவதைவிடக் கூறில் கலப்பு நன்றாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். எலும்பும் கொழுப்பும் சேராத வெறுங்கறியில் குழம்பு ருசிக்காது என்பதால், அவர்கள் சொல்வது சரி என்றே படுகிறது.

தீபாவளிக் கறிக்கு நாட்காட்டியும் ஒரு நெருக்கடி கொடுக்கிறது. புரட்டாசி முழுதும் கறியை நிறுத்தியிருப்பார்கள். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். பழனி பக்கத்தில் இருப்பதால் சஷ்டிக்கு விரதம் பிடிக்கும் வீடுகள் இங்கே அதிகம். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு சிறிய இடைவெளியில்தான் தீபாவளி வருகிறது. அதுவும் 2025இல் நடந்ததுபோல ஐப்பசி பிறந்த சில நாட்களிலேயே, அக்டோபர் 20, திங்கட்கிழமையில் வந்துவிட்டால்? திங்களும் வெள்ளியும் கறி தொடாத வீடுகள் என்ன செய்யும்? ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே ஆக்கிவிடுவார்கள். இன்னொரு வீட்டில் "தீபாவளிக்குக் கிழமை கிடையாது" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லியிருப்பார். அந்தத் தீர்ப்பு அவர் மறைந்த பிறகும் செல்லும். கேதார கௌரி நோன்பு எடுக்கும் குடும்பங்களில் அன்று கறி பேச்சே கிடையாது. இருபத்தோரு அதிரசம் கலசத்துக்கு முன் வைத்து, இருபத்தோரு இழை நோன்புக் கயிறு கட்டிக்கொண்டு, மறுநாள்தான் சட்டி ஏறும். அந்த நோன்பையும் நினைத்தவர்கள் நினைத்தபடி எடுத்துவிட முடியாது. மாமியார் மருமகளுக்குக் கொடுக்க வேண்டும்; இல்லாத வீட்டார் ஏற்கெனவே எடுக்கும் வீட்டாரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் உரிமை கைமாறுகிறது.

உரிமை என்பது இன்னும் கூர்மையாகத் தெரிவது குலதெய்வக் கோயிலில். மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் மாசி மாதம் மகாசிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போவது பெரிய வழக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர், சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவர், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் எல்லாரும், வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத ஒரு காட்டுக் கோயிலில் கூடுவார்கள். கோயிலைத் தாங்குவது தலைக்கட்டு வரி. கல்யாணமான ஓர் ஆண், அவன் குடும்பம், இதுதான் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவர்கள் பங்காளிகள். பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் மாமன் மச்சான்கள், விருந்தாளிகள். விருந்தாளியிடம் வரி வாங்குவதில்லை. அவர்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள். பங்காளிகள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார்கள். வரி, வேலை, பந்தி வரிசை மூன்றையும் பார்த்தாலே அங்கே நிற்கும் நூறு பேரில் யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கற்றுத்தராத இந்தப் பாடம் வருஷத்துக்கு ஒருமுறை இலையில் நடக்கிறது.

சாமிகளுக்குள்ளும் இந்தப் பிரிவு இருக்கிறது. அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கல், கறுப்புக்குக் கிடாய். ஒரே வளாகத்தில் இருவரும் இருந்தால், கிடாய் வெட்டும் நேரத்தில் சைவச் சாமிக்குத் திரை போட்டு மறைப்பார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50 காலத்தில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கிக் களஆய்வு செய்தார். 1957இல் வெளியான அவருடைய நூல் இந்தச் சைவ-அசைவச் சாமிப் பிரிவைச் சமூகத்தின் படிநிலையோடு இணைத்துப் பார்த்தது. அது வலுவான வாசிப்பு. என்றாலும் அங்கே நிற்கிற ஒருவர் பார்ப்பது திரையை மட்டுமல்ல. திரைக்கு இந்தப் பக்கம் வெட்டப்பட்ட ஆட்டின் தலை யாருக்கு, தோல் யாருக்கு, குடல் யாருக்கு என்ற கணக்கு அதைவிட நேரம் எடுக்கும். அதைவிடக் கவனமாக நடக்கும். பூசாரிக்கு ஒரு பங்கு, வெட்டியவருக்கு ஒரு பங்கு, பறையடித்தவருக்கு ஒரு பங்கு, சலவைத் தொழிலாளிக்கு ஒரு பங்கு என்று பழைய வரிசை இருந்தது.

இங்கே ஒரு கசப்பைச் சொல்லாமல் கடக்க முடியாது. அந்த வரிசையில் இருந்த பலருக்குக் கூறில் பங்கு இருந்தது, பந்தியில் இடம் இருக்கவில்லை. வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்ச் சாப்பிட்டார்கள். பாரம்பரியம் பாரம்பரியம் என்று இன்று நெகிழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பகிர்வதற்காக ஒரு வட்டம் போட்டால் அதற்கு வெளியே யாரோ நிறுத்தப்படுகிறார்கள். குலதெய்வ விருந்து அந்த இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்துவந்திருக்கிறது.

"எல்லை தாண்டக் கூடாது" என்ற விதிக்கு வருகிறேன். வெட்டிய கிடாய் அத்தனையும் அங்கேயே ஆகி, அங்கேயே தீர வேண்டும். மீந்தால் குழி தோண்டிப் புதைப்பார்கள், வீட்டுக்கு ஒரு துண்டும் போகாது. சாமி கூடவே வந்துவிடும் என்பது சொல்லப்படும் காரணம். வெயிலில் கறி கெட்டுவிடும் என்பது படித்தவர்கள் சொல்லும் காரணம். இரண்டாவது காரணம் மட்டும் போதாது; கெடாமல் இருக்க உப்புக்கண்டம் போடத் தெரிந்தவர்கள்தான் நம் பாட்டிமார். இந்த விதி நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐந்து கிடாய் வெட்டியாகிவிட்டது. எடுத்துப் போக வழியில்லை. அப்போது அந்தப் பாதையில் சைக்கிளில் போகிறவரையும், ஆடு மேய்க்கிறவரையும், பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டுகிறவர்களையும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். "வாங்க, ஒரு கை சாப்பிட்டுப் போங்க" என்று கட்டாயமாக அழைக்க வைப்பது அந்த விலக்குதான். பதுக்க வழி அடைபட்டதும் தாராளம் தானாக வருகிறது.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் அதிகத் தூரத்தில் இல்லை. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதம் நடக்கும் விழாவில் பிரியாணிதான் பிரசாதம். ஜனங்கள் பாத்திரம் கொண்டுவந்து வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். 1930களில் அந்த ஊரைச் சேர்ந்த சுப்பா நாயுடு காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ் வழியில் ஊரார் பலர் பல நகரங்களில் உணவகம் திறந்தார்கள். தினமும் முதல் வியாபாரப் பணத்தைச் சாமிக்கென்று எடுத்துவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ஊரில் கூடி அண்டா அண்டாவாக ஆக்கிப் போடுகிறார்கள். உணவு விற்றுப் பிழைப்பவர்கள் வருஷத்தில் ஒருநாள் விற்காமல் கொடுக்கிறார்கள். பார்சல் கட்டியே பழகிய கைகள் அன்றும் வாளியில் அள்ளிக் கொடுக்கின்றன. எல்லை விதி இங்கே தளர்ந்திருப்பதற்கு அவர்களுடைய தொழிலே காரணம் என்று நினைக்கிறேன்.

திருமங்கலம் அருகே சொரிக்காம்பட்டிப் பக்கம் கரும்பாறை முத்தையா கோயிலில் மார்கழியில் நடப்பது ஆண்கள் மட்டும் கலந்துகொள்ளும் கறிவிருந்து. நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடாய்களை வெட்டி, ஆண்களே ஆக்கி, ஆண்களே சாப்பிடுவார்கள். சாப்பிட்ட இலையை எடுக்க மாட்டார்கள். அது கிடந்து காய்ந்து மறைந்த பிறகுதான் பெண்கள் அந்த இடத்துக்கு வரலாம். இதற்கு நேர் மறுபாதி தென்மாவட்டங்களில் பெண்கள் எடுக்கும் ஔவையார் நோன்பு. செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்கள் உறங்கிய பிறகு, உப்பில்லாத கொழுக்கட்டை பிடித்து அவித்து, கதை சொல்லிச் சாப்பிடுவார்கள். ஆண் என்றால் கைக்குழந்தைக்கும் அங்கே இடமில்லை. கொழுக்கட்டை ஆண் கண்ணில் படக் கூடாது. ஊடகங்கள் வருஷந்தோறும் முதலாவதைப் படம்பிடித்துப் போடுகின்றன. இரண்டாவது யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. இரண்டும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றில் பெண்கள் பொதுவெளியிலிருந்து விலக்கப்படுகிறார்கள். மற்றதில் அவர்கள் ஒரு வீட்டின் அடுப்படியை ஓர் இரவுக்குத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பங்கு இப்படியென்றால், செத்துப்போனவர்களுக்கும் பங்கு உண்டு. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஆடி அமாவாசைக்கோ முன்னோர் படையல் போடும் வீடுகளில், இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தின் சரித்திரம் தெரிந்துவிடும். தாத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்பதற்காக, வீட்டில் இப்போது யாரும் கருவாடு தொடாவிட்டாலும் அன்று மட்டும் ஒரு கிண்ணம் ஆக்குவார்கள். அப்பத்தாவுக்கு வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டு புகையிலை. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர் திண்டுக்கல். சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவர்களும் பிடித்தவர்களும் ஏராளம். ஆகவே பல படையல்களில் ஒரு சுருட்டு பற்றவைத்த நிலையில் இலை ஓரத்தில் இருக்கும். மதுவும் வைப்பார்கள். குடியால் குடும்பத்தை வதைத்த மனிதருக்கும் அந்தக் கோப்பை வைக்கப்படுகிறது. வைப்பது பெரும்பாலும் அவரால் அதிகம் துன்பப்பட்ட பெண்தான். அந்தப் பெண்ணின் மனதில் அந்த நேரம் என்ன ஓடுகிறது என்று எந்த ஆய்வும் அளந்துவிட முடியாது.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளை அந்த வீட்டின் கன்னிச்சாமி. அவளுக்குப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், பொம்மை எல்லாம் வைத்து, கூடவே இனிப்பு வைப்பார்கள். படையல் முடிந்ததும் அந்தத் துணியை வீட்டிலிருக்கும் சின்னப் பெண் ஒருத்திக்குப் போட்டுவிடுவார்கள். அவள் உயிரோடு இருந்திருந்தால் இன்று அறுபது வயதிருக்கும். ஆனால் வருஷாவருஷம் எடுக்கும் பாவாடை எட்டு வயது அளவில்தான் இருக்கிறது. மகளைப் பறிகொடுத்த தாய் செத்து, அந்தத் தாயை அறிந்தவர்களும் செத்த பிறகும் இந்த இலை விழுகிறது. பெயர்கூட மறந்துபோன வீடுகள் உண்டு. பங்கு மட்டும் நிற்கவில்லை.

போலந்து நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு காலியாக வைக்கப்படுகிறது; வர முடியாமல் போனவர்களையும் இறந்தவர்களையும் நினைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். யூதர்களின் பாஸ்கா விருந்தில் எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணத்தில் திராட்சை மது ஊற்றி வைத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அங்கே வராதவருக்கு இடம் வைக்கிறார்கள். இங்கே அவருக்கு என்ன பிடிக்கும் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

படையலைவிட ஆழமானது, பண்டிகையே நின்றுபோவது. ஒரு வகையறாவில் தீபாவளியன்றோ பொங்கலன்றோ சாவு விழுந்துவிட்டால், அந்தப் பண்டிகை அவர்களுக்கு நின்றுவிடும். ஒரு வருஷத்துக்கு மட்டுமல்ல. அதே நாளில் அந்த வகையறாவில் ஒரு குழந்தை பிறக்கும்வரை, அல்லது தொழுவத்து மாடு கன்று போடும்வரை. இருபது முப்பது வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பலகாரமில்லாமல் இருந்துவிடுவார்களா? அதற்கும் வழி இருக்கிறது. பங்காளி வீட்டாருக்கும் அதே தடை என்பதால் அவர்கள் தர முடியாது. மாமன் மச்சான் வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் முறுக்கும் அதிரசமும் தூக்குச் சட்டியில் வந்து சேரும். துக்கத்தில் பங்குள்ளவர்கள் அடுப்பை அணைக்கிறார்கள். பங்கில்லாத உறவு அந்த இடத்தை நிரப்புகிறது. எத்தனையோ விளக்கங்களைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வழக்கம் பங்காளிக்கும் மாமன் மச்சானுக்கும் உள்ள வேறுபாட்டை அவை எல்லாவற்றையும்விடத் தெளிவாக விளக்குகிறது. சிவகங்கை மாவட்டத்தில் எஸ்.மாம்பட்டியும் அதைச் சுற்றிய ஊர்களும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீபாவளியே கொண்டாடுவதில்லை. அங்கே காரணம் சாவு இல்லை. விதைப்புக் காலத்தில் கடன் வாங்கிப் பண்டிகை வேண்டாம் என்று ஊர் கூடி எடுத்த முடிவு அது. தை அறுப்புக்குப் பிறகு பொங்கலைப் பெரிதாக வைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னவை குடும்பத்துக்குள் பங்கிடுவது. வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதும் ஒரு வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளைக் கும்பிடும் வீடுகளில், செம்புக்கு நாமம் போட்டு, பிள்ளைகளும் பெரியவர்களும் "கோவிந்தா" சொல்லித் தெருவில் நாலைந்து வீடுகளில் அரிசி வாங்கி வருவார்கள். நாற்பது மூட்டை நெல் களஞ்சியத்தில் கிடந்தாலும் சரி, அன்றைய தளிகைக்கு யாசித்த அரிசி ஒரு பிடியாவது சேர வேண்டும். வசதியான வீட்டுப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலில் நிற்பான், நிற்கத்தான் வேண்டும். வாங்குவதற்குக் கை நீட்டத் தெரியாதவன் கொடுக்கும்போது திமிராகக் கொடுப்பான் என்பதை இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அரிசிச் செம்பு ஊரளவுக்குப் பெருகினால் முத்தழகுபட்டி. திண்டுக்கல் நகரை ஒட்டிய இந்த ஊரின் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. கத்தோலிக்க மரபில் செபஸ்தியார் கொள்ளைநோய்க்கு எதிரான காவலர். நோயிலிருந்து மீண்டவர்கள், பிள்ளைவரம் கிடைத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எல்லாம் நேர்த்திக்கடனாக ஆடு, கோழி, அரிசி, வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகளும் சேர்கின்றன. எல்லாமே ஒரே அடுப்படிக்குப் போகின்றன. யார் கொடுத்த ஆடு எந்தச் சட்டியில் வேகிறது என்று யாருக்கும் தெரியாது. விடிய விடிய நடக்கும் பந்தியில் மதம் கேட்பதில்லை. கொண்டுவந்து கொடுப்பவர்களில் யார் எந்த மதம் என்றும் யாரும் எண்ணுவதில்லை. கூறு போடும்போது ஈரல் குறைந்ததென்று சண்டை பிடிக்கும் அதே ஜனங்கள்தான், இங்கே முழு ஆட்டையும் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று ஒரு கரண்டிக் குழம்பு வாங்குகிறார்கள்.

நகரின் இன்னொரு பக்கம் பேகம்பூர். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம். அவர் பெயராலேயே அழைக்கப்படும் பகுதி. ரமலான் மாதப் பிற்பகலில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் நோன்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். பக்ரீத் குர்பானியில் கறியை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வீட்டுக்கு ஒன்று, உறவுக்கும் நட்புக்கும் ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. தெருக்காரர் கூறு போடுவதில் வாய்மொழியாக இருக்கும் நியாயம் இங்கே மார்க்க நெறியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது.

அரசு இந்தப் பந்திக்குள் நுழைந்த ஒரு காலமும் உண்டு. 1950இல் இயற்றப்பட்டு யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் தமிழக அரசு கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவிட்டது. கிடாவெட்டுக்கு நாள் குறித்திருந்த குடும்பங்கள் தவித்தன. எதிர்ப்பு வலுத்து, 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. விவாதம் அன்று வதை, பக்தி, பண்பாடு என்ற சொற்களில் நடந்தது. பலி நின்றால் பூசாரி முதல் பறையடிப்பவர் வரை எத்தனை பேருக்குப் பங்கு இல்லாமல் போகும், எந்தப் பங்காளிகள் இனி கூட மாட்டார்கள் என்ற கேள்வி அதிகம் கேட்கப்படவில்லை.

எல்லா வழக்கமும் பழையதல்ல. தீபாவளி மதியம் சீரகச் சம்பாப் பிரியாணி என்பதை இப்போது "தாத்தா காலத்திலிருந்தே" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கியது 1957இல். பிற்பாடு தலப்பாக்கட்டி என்ற பெயரில் உலகம் சுற்றியது அதுதான். ஊரின் பொதுச் சமையலில் பிரியாணி வேரூன்றி, பிறகு வீட்டுப் பண்டிகைக்குள் வந்தது அதற்கப்புறம்தான் இருக்க முடியும். ஜப்பானில் 1974இல் ஓர் அமெரிக்கக் கோழிக்கடை நடத்திய விளம்பர இயக்கம், கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழி என்பதைக் குடும்ப வழக்கமாகவே ஆக்கிவிட்டது. பாரம்பரியங்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல் சொன்னபோது பலருக்கு அது அதிர்ச்சி. புதிது என்பதால் ஒரு வழக்கம் பொய்யாகிவிடாது. அது எந்த உறவைக் கூட்டுகிறது என்பதுதான் கேள்வி. பக்கெட்டில் வாங்கிவந்த பிரியாணியை நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டால், அதில் கூறு போடுகிறவருக்கு வேலையில்லை, சாமிக்கும் செத்தவருக்கும் வழிப்போக்கருக்கும் இலை இல்லை. மிச்சத்தை வாங்கிக்கொள்ளக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. முன்பு மீந்தது பக்கத்து வீட்டுக்குப் போனது. பண்டிகைச் சாப்பாட்டை மாற்றியதில் எந்தச் சீர்திருத்தக் கருத்தைவிடவும் அந்தப் பெட்டிக்குப் பங்கு அதிகம் என்று கருதுகிறேன்.

இன்னொரு மாற்றம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தலைக்கட்டு வரியை ஜிபேயில் அனுப்பிவிட்டுக் கைப்பேசியில் சாமி பார்க்கும் பங்காளிகளை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஒரே பெண்ணைப் பெற்ற தகப்பன் இறந்தால் அவருடைய தலைக்கட்டு என்ன ஆகும்? வழக்கப்படி அது அழிந்துவிடும். மகள் புகுந்த வீட்டுக் குலதெய்வத்துக்குப் போய்விட்டவள். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமப் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுக்க அது வந்தது. நிலத்தில் பங்கு கிடைத்த மகளுக்குக் கிடாய்க் கூறில் பங்கு இல்லை. மரபு கலையும் என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். கிழமை விலக்கைப் பாட்டி ஒருத்தி தளர்த்தினாள். வரியைக் கைப்பேசி வழியே வாங்கினார்கள். நின்ற பண்டிகையை ஒரு கன்றுக்குட்டி பிறந்ததும் தொடங்கினார்கள். இத்தனைக்கும் இடம் கொடுத்த வழக்கம் இதற்கும் கொடுக்கும். பங்காளிக் கூட்டத்தில் அவள் பெயரை நோட்டில் எழுத வேண்டும், அவளிடம் வரியும் வாங்க வேண்டும். வரி கொடுத்தவருக்குக் கூறு உண்டு என்பது அவர்களே வகுத்த விதி.